குள்ளமான பிள்ளைக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி: முதலில் சாப்பாட்டைச் சரிபாருங்கள்

பிள்ளை குள்ளமாக இருந்தால், எடை முதலில் நின்றதா உயரம் முதலில் நின்றதா என்று பழைய பதிவுகளை எடுத்துப் பாருங்கள். சாப்பாடு போதாத பிள்ளைக்கு முதலில் எடை நிற்கும், பிறகுதான் உயரம் நிற்கும். ஹார்மோன் குறைவென்றால் உயரம் மட்டும் பின்தங்கும். பிள்ளை வயிற்றில் சதை போட்டு, உருண்டை முகத்தோடு இருக்கும்.

அளப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகாலும் பிட்டமும் சுவரில் பட நிறுத்துங்கள். பார்வை நேராக இருக்கட்டும். தடித்த அட்டைப் புத்தகத்தைத் தலைமேல் சுவரோடு ஒட்டி, சாயாமல் வைத்துக் கோடு போடுங்கள். மாலையில் உயரம் சற்றுக் குறையும் என்பதால் எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். மாதாமாதம் அளந்து பயனில்லை: ஒரு மாத வளர்ச்சி அரை சென்டிமீட்டர்கூட இருக்காது, அளவுப்பிழையே அவ்வளவு வரும். ஆறு மாதம் விட்டு அளங்கள். 5 வயது முதல் பூப்புக்கு முன்வரை ஆண்டுக்கு 5 செ.மீ. அளவில் வளர வேண்டும். 4 செ.மீ.க்குக் கீழே போனால் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அரைவயிறாக இருக்கும் பிள்ளைக்கு ஐ.ஜி.எஃப்.-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்ட, கல்லீரல் சுரக்கும் பொருள்) இரத்தப் பரிசோதனை செய்தால், ஹார்மோன் நன்றாகச் சுரந்தாலும் அளவு குறைவாகவே காட்டும். ஹார்மோன் சொல்வதைச் செய்ய கல்லீரலுக்குச் சத்து வேண்டும். அந்த நிலையில் ஊசி போட்டாலும் பலன் குறைவு. உடல் பருமன் உள்ள பிள்ளைக்கோ, மருந்து கொடுத்து ஹார்மோனைச் சுரக்கவைத்து அளக்கும் தூண்டல் சோதனையில் அளவு பொய்யாகக் குறையும். ஆகவே ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகம், சீலியாக் நோய் (கோதுமைப் புரதம் குடலுக்கு ஒவ்வாத நோய்), எலும்பு வயதைக் காட்டும் இடது மணிக்கட்டு எக்ஸ்ரே எல்லாம் முன்னால் முடிய வேண்டும். பெண் பிள்ளைக்குக் குரோமோசோம் பரிசோதனையும் அவசியம். டர்னர் குறைபாடு (பெண்ணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாமலோ குறையாகவோ இருப்பது) குள்ளத்தைத் தவிர வேறு அறிகுறியே இல்லாமலும் இருக்கும்.

ஹார்மோன் குறைவு உறுதியானால் பொதுவான அளவு நாளொன்றுக்கு கிலோவுக்கு 25 முதல் 35 மைக்ரோகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 0.5 முதல் 0.7 மி.கி. வரும். உங்கள் பிள்ளைக்கான அளவை மருத்துவர்தான் முடிவு செய்வார்; எடை கூடக்கூட அதுவும் மாறும். இரவு படுக்குமுன் தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் போடுங்கள். பேனா ஊசியின் பொத்தானை அழுத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காதீர்கள். ஒரே இடத்தில் போட்டால் அங்கே குழியோ கட்டியோ விழும். மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

ஊசி தொடங்கியதும் பல பிள்ளைகளுக்குப் பசி கூடும், கொழுப்பு கரைந்து உடல் மெலியும். இட்லியும் சட்னியும் மட்டும் கொடுத்தால் போதாது. 20 கிலோ பிள்ளைக்கு நாளுக்குக் குறைந்தது 20 கிராம் புரதம் வேண்டும்: ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6, மீதி பருப்பிலும் சுண்டலிலும். சாப்பாட்டோடு டீ கொடுக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

தலைவலியோடு வாந்தியோ பார்வை மங்கலோ வந்தால், அல்லது இடுப்பு, முழங்கால் வலித்துப் பிள்ளை நொண்டினால், அன்றே மருத்துவரிடம் போங்கள். முதல் ஆண்டில் வளர்ச்சி வேகம் கூடவில்லையென்றால், அளவை ஏற்றுமுன் தவறிய ஊசிகளை எண்ணி, தைராய்டையும் சாப்பாட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.