ஒரு குழுவில் பிணைப்பு வளர என்ன செய்யலாம்?

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வாரம் ஒருமுறை கூடும் சின்னக் குழு ஒன்றை நடத்திவருகிறேன். "ஆள் சேர்ந்துவிட்டது, ஆனால் ஒட்டமாட்டேன் என்கிறார்களே" என்று வேறு குழுக்களை நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். வாசகர் வட்டம், பாட்டுக் குழு, குடியிருப்போர் சங்கம் எதுவானாலும் பொருந்தும்.

முதலில், உங்கள் குழுவில் எந்த வகை உணர்வு ஓடுகிறது என்று பாருங்கள். ஜெர்மானியத் தத்துவவாதி மாக்ஸ் ஷேலர் இதை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினார். கும்மாளமாக இருக்கும் இடத்துக்குள் நுழைந்தால் நமக்கும் உற்சாகம் வருகிறதே, அது வெறும் தொற்று. வெளியே வந்ததும் போய்விடும். இன்னொருவர் துக்கத்தைப் பார்த்து நாம் வருந்துவது வேறு. இரண்டிலிருந்தும் வேறுபட்ட ஒன்றுக்கு அவர் தரும் உதாரணம், இறந்த குழந்தையின் பக்கத்தில் நிற்கும் தாயும் தகப்பனும். அங்கே அவள் துக்கம், அவன் துக்கம் என்று இரண்டு கிடையாது. இருவரும் சேர்ந்து ஒரே துக்கத்தைப் படுகிறார்கள். ஆறுதல் சொல்ல வரும் நண்பர் எவ்வளவு நெருங்கியவரானாலும் அதற்கு வெளியேதான் நிற்கிறார்.

குழு நிலைப்பது இப்படிச் சேர்ந்து உணர்வதால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அதை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது. எல்லோருடைய கவனமும் ஒரே விஷயத்தின்மேல் இருக்கும்படி மட்டும் செய்யலாம். அதனால் நாங்கள் ஆளாளுக்கு நலம் விசாரித்துத் தொடங்குவதில்லை. அந்த வாரம் ஒரு வீட்டில் வந்த ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம்: மாத்திரை விழுங்க மறுக்கும் அப்பா, நடு இரவில் கதவைத் திறந்து வெளியே போகப் பார்க்கும் மாமியார். பேச்சு முழுக்க அந்த ஒன்றைப் பற்றித்தான். பெயர்கூடத் தெரியாதவர்கள் கிளம்பும்போது, "அப்பா மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று சொல்லுங்கள்" என்பார்கள். இதைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

புதிதாக வந்தவரை உபசரித்துக்கொண்டே இருந்தால் அவர் விருந்தாளியாகவே நின்றுவிடுவார். இரண்டாவது முறை வரும்போதே ஒரு வேலை கொடுங்கள். வராதவருக்கு போன் செய்வது போதும். தான் இல்லாவிட்டால் ஏதோ ஒன்று நடக்காது என்று தெரிந்தவர் மறுபடி வருவார்.

அதோடு, அவரால் குழுவை மாற்றவும் முடிய வேண்டும். மக்மில்லன், சாவிஸ் என்ற உளவியலாளர்கள் 1986-இல் சமூக உணர்வுக்கு நான்கு கூறுகள் சொன்னார்கள்: உறுப்பினர் என்ற உணர்வு, செல்வாக்கு, தேவைகள் நிறைவேறுவது, பகிர்ந்துகொண்ட உணர்வுப் பிணைப்பு. இதில் செல்வாக்கைத்தான் குழு நடத்துகிறவர்கள் கொடுக்கத் தயங்குவார்கள். எங்களில் ஒரு பெண்மணி, "நான் அழுதால் உடனே சமாதானப்படுத்த ஓடி வராதீர்கள், அழுது முடிக்கிறேன்" என்றார். அப்புறம் அதுவே எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. அவரும் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார்.

கூடும் நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். கூட்டத்தில் பொங்கும் உணர்வு பிரிந்ததும் ஆறிவிடும், அதைப் புதுப்பிக்கவே சடங்குகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன என்று பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-இல் எழுதினார். சின்னக் குழுவுக்கும் இது உண்மை.

மனதைத் திறக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது. முழு நெருக்கத்தைக் கோரும் சமூகம் மனிதரின் கண்ணியத்தை நசுக்கும் என்று ஜெர்மானியத் தத்துவவாதி ஹெல்முத் பிளெஸ்னர் 1924-லேயே எச்சரித்தார். பேசாமல் உட்கார்ந்திருப்பவரும் முழு உறுப்பினர்தான். அதை நீங்கள் வாய்விட்டே சொல்ல வேண்டும். இன்னொரு ஆபத்து, பொது எதிரி. வெளியே இருக்கும் யாரையோ சேர்ந்து திட்டும்போது கிடைக்கும் ஒற்றுமை மிக வேகமாக வரும். எங்கள் குழுவில் அந்த எதிரி, உதவிக்கு வராத உறவினர்கள். ஒருவர் தன் கோபத்தைக் கொட்டட்டும், கேளுங்கள். கூட்டமே அதைப் பிடித்துக்கொண்டால் பேச்சை நோயாளியிடம் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் அண்ணனோடு சமாதானமாகப் போனவர் அடுத்த வாரம் வரத் தயங்குவார்.

கடைசியாக, விலகுவதற்கும் ஒரு வழி வையுங்கள். எங்கள் குழுவில் பலருக்கும் ஒரு நாள் வருகிறது: அவர்கள் பார்த்துக்கொண்டவர் இறந்துவிடுகிறார். இனி வர உரிமை உண்டா என்று அவர்கள் வாயால் கேட்க மாட்டார்கள். நாமே முந்திக்கொண்டு, துக்கம் விசாரிக்கப் போகும்போதே அடுத்த கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். பெயரை மட்டும் பட்டியலிலிருந்து நாமாக எடுக்கக் கூடாது.