'ஐ நோ'வைத் தாண்டி ரகுவரனைப் பார்ப்பது எப்படி

நடிகர் ரகுவரன் என்றதும் 'பாட்ஷா' படத்தின் மார்க் ஆண்டனியும், 'புரியாத புதிர்' படத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும் 'ஐ நோ'வும்தான் நம் ஆட்களுக்கு நினைவு வரும். தப்பில்லை. ஆனால் 1982இல் ஏழாவது மனிதனில் நாயகனாக வந்து, 2008 மார்ச்சில் இறக்கும்வரை நடித்தவரை இரண்டு வில்லன் வேஷத்துக்குள் மடித்து வைப்பது அநியாயம்.

அதனால் முதலில் வில்லன் படங்களை ஓரம் கட்டுங்கள். சம்சாரம் அது மின்சாரம் (1986) படத்தை எடுத்துக்கொண்டு, விசுவையும் மனோரமாவையும் விட்டுவிட்டு மூத்த மகன் சிதம்பரத்தை மட்டும் கவனியுங்கள். காசுக்குக் கணக்குப் பார்க்கிறவன், அப்பாவோடு மல்லுக்கு நிற்கிறவன், நடுவீட்டில் கோடு போடுகிற அளவுக்குச் சண்டை முற்றுகிறது, இருந்தும் அவனை முழுசாக வெறுக்க வரவில்லை, ஏனென்றால் நியாயம் தன் பக்கம்தான் என்று மனசார நம்புகிறவனாகவே அவர் நடித்திருக்கிறார்.

அப்புறம் அஞ்சலி (1990). இதை இரண்டு தடவை பார்த்தே ஆக வேண்டும். குழந்தை பிறந்தபோதே இறந்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அது உயிரோடு இருப்பதை மறைக்கிற அப்பா அவர். முதல் தடவை அந்த ரகசியம் நமக்கும் தெரியாது. தெரிந்தபின் மறுபடி போட்டால், வீட்டில் பிள்ளைகளோடு சிரிக்கிற இடத்தில்கூட ஆள் எதையோ சுமந்துகொண்டு நிற்பது பிடிபடும். வாண்டுகள் கண்ணை இழுப்பார்கள், விடாதீர்கள்.

இன்னொரு உத்தி, அடுத்தவர் பேசும்போது இவரைப் பார்ப்பது. முகவரி (2000) இதற்குத் தோதான படம். இசையமைப்பாளராக வாய்ப்புத் தேடி அலையும் தம்பி அஜித், அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் அண்ணன். ரகுவரனின் குரல் நம்மை மயக்கிவிடுகிறது என்று தோன்றினால் (எனக்குத் தோன்றும்) ஒரு காட்சிக்கு மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டு, அந்த நெடிய உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள்.

தமிழோடு நிற்க வேண்டாம். லெனின் ராஜேந்திரனின் மலையாளப் படம் தைவத்திண்டெ விக்ருதிகள் (1992). பிரெஞ்சுக்காரர்கள் போனபிறகும் மாஹியை விட்டுப் போக மனசில்லாத வித்தைக்காரர் அல்ஃபோன்சோவாக வருவார். தூர்தர்ஷன் காலத்துப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை' தொடரில் குடிக்கு அடிமையானவனாக வந்ததையும் கேட்டுப் பாருங்கள்.

யாரடி நீ மோகினியைக் கடைசிக்கு வையுங்கள். தனுஷுக்கு அப்பா. படத்திலும் பாதியில் போய்விடுவார்; அது திரைக்கு வந்தபோது நிஜத்திலும் அவர் இல்லை.