முதல் ஊழியருக்குப் பங்கு தருவதாகச் சொல்லும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், கடைவீட்டு மாடியில் இரண்டு மடிக்கணினிகளுடன் தொழில் தொடங்கும் நம் இளைஞர்கள் பலர், நல்ல சம்பளம் கொடுக்க இயலாத நிலையில், முதலில் வந்து சேரும் நண்பரிடம் “கம்பெனியில் ஐந்து விழுக்காடு உனக்கு” என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், ‘எண்டர்பிரைஸ்’ (தனிநபர் அல்லது கூட்டாளிகளின் தொழில்) எனப் பதிவு செய்த தொழிலில் பிரித்துக் கொடுப்பதற்குப் பங்கு என்ற ஒன்றே கிடையாது. அதில் நண்பரைக் கூட்டாளியாகச் சேர்த்தால், தொழிலின் கடன் பொறுப்பும் அவர் தலையில் விழும். (இதை அறியாமல் நன்றி சொல்லிக் கையெழுத்திடுபவர்களே அதிகம்.)

பங்கு தர விரும்பினால் ‘சென்டிரியான் பெர்ஹாட்’ (Sdn. Bhd.) எனப்படும் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவு செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, ஒருவரே இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருந்து அதைத் தொடங்கலாம். பங்கை ஒரே நாளில் கொடுத்துவிடாமல், முதலாண்டு முடிந்ததும் கால் பகுதியும், எஞ்சியது அடுத்த மூன்றாண்டுகளில் மாதந்தோறும் சிறிது சிறிதாகவும் அவருக்குச் சேரும்படி எழுதிக்கொள்வது உலகெங்கும் பரவலான வழக்கம். ஆறாம் மாதத்தில் அவர் விலகினாலும் மனக்கசப்பு இராது. புதிய முதலீட்டாளர் வரும்போது அந்த ஐந்து விழுக்காடு குறையலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பங்கு தருவதால் சம்பளக் கடமை நீங்காது. மாதம் 5,000 ரிங்கிட் வரை பெறும் மலேசிய ஊழியருக்கு முதலாளி 13 விழுக்காடும், ஊழியர் 11 விழுக்காடும் சேமநிதிக்குச் செலுத்த வேண்டும். அதற்கான கடைசி நாள் அடுத்த மாதம் 15-ஆம் தேதி.