இரவு பஸ்ஸுக்கும் பின்னேர விமானத்துக்கும் நடுவில்: கொழும்பில் அரை நாள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இரவு பஸ் ஏறினால் விடிய 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் கொழும்பு. விமானம் பின்னேரம் 7 மணிக்கு. நடுவில் பதின்மூன்று மணித்தியாலம் கிடக்கிறது என்று நினைப்பதுதான் முதல் பிழை. கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 7 மணி விமானத்துக்கு 4 மணிக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நிற்க வேண்டும், அதற்கு 2 மணிக்கே நகரத்தை விட்டு வெளிக்கிட வேண்டும். காலையில் புறக்கோட்டைக் கடைகள் பெரும்பாலும் 9 மணிக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். கையில் மிஞ்சுவது 5 மணித்தியாலம். அதற்குள் ஒரு பக்கம்தான் பார்க்கலாம்: ஒன்றில் புறக்கோட்டை, அல்லது வெள்ளவத்தை. இரண்டையும் இழுத்துப் போட்டால் பாதி நேரம் ஓட்டோவுக்குள் போய்விடும்.

விமானம் மத்தியானத்துக்கு முன் என்றால் கொழும்புக்கே போகாதீர்கள். புத்தளம், சிலாபம் வழியாக வரும் பஸ்கள் நீர்கொழும்பையும் கட்டுநாயக்கவையும் தாண்டித்தான் கொழும்புக்குள் நுழைகின்றன. நீர்கொழும்பில் இறங்கி முகம் கழுவிச் சாப்பிட்டு, கடற்கரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனால், விமான நிலையம் சுமார் 10 கிலோமீற்றர்தான். ஆனால் குருநாகல் வழியாக வரும் பஸ் அந்தப் பக்கமே வராது. சீற் பதியும்போதே எந்த வழி என்று கேளுங்கள். நடு இரவில் கொண்டக்டரை எழுப்பிக் கேட்டுப் பயனில்லை.

கொழும்பில் இறங்கியதும் முதல் வேலை சூட்கேஸைக் கையை விட்டுக் கழற்றுவது. கோட்டை புகையிரத நிலையத்தில் பொதி காப்பறை இருக்கிறது. பைக்குப் பூட்டுப் போட்டு, கடவுச்சீட்டு, காசு, நகை, மருந்து நான்கையும் தோள்பையில் எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டு, ரிசீற்றைப் போனில் படம் எடுத்து வையுங்கள். குடும்பமாக, பிள்ளைகளோடு வந்தால் காப்பறையை விட லொட்ஜில் அரை நாளுக்கு ஒரு அறை எடுப்பது மேல். குளிக்கலாம், பெட்டியும் அங்கேயே கிடக்கும்.

இடப்பெயர்களில் கவனம். நாங்கள் சொல்லும் பெயர் சிங்கள ஓட்டோக்காரருக்கு விளங்காமல் போகலாம். புறக்கோட்டை அவர்களுக்குப் பிட்டகொட்டுவ, கொட்டாஞ்சேனை கொட்டஹேன, செட்டியார் தெரு ஹெட்டி வீதிய. கொச்சிக்கடை இன்னும் ஆபத்து: கொழும்பில் அந்தோனியார் கோயிலடி ஒரு கொச்சிக்கடை, நீர்கொழும்புக்கு வடக்கே இன்னொரு கொச்சிக்கடை. செயலியில் வாகனம் பிடிக்கும்போது வரைபடத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் அமத்தினால் வேறு ஊருக்குக் கட்டணம் காட்டும். ஸ்ரேசன் வாசலில் நிற்கும் ஓட்டோவில் ஏறுவதானால் மீற்றர் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த வீதிவரை நடந்துபோய் மறியுங்கள்.

புறக்கோட்டையைக் காலால்தான் பார்க்க வேண்டும். கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்கி மெயின் வீதியால் நேரே போங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்பது 1909இல் கட்டி முடிந்த ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல். கட்டடம் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போக வேண்டும், அங்கே நின்றால் மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் வண்டிலோடு பின்னால் வருவார்கள். அவர்கள் போடும் சத்தம் ஏச்சல்ல, விலகச் சொல்வது. சரக்கேற்றிய வண்டில் சட்டென்று நிற்காது. இன்னும் கிழக்கே போனால் செட்டியார் தெரு: இரு பக்கமும் நகைக்கடை, நடுவில் பழைய, புதிய கதிரேசன் கோயில்கள். அப்படியே வடக்கே நடந்தால் கொச்சிக்கடை. அங்கே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலைத் தவற விடாதீர்கள். தூண்களைத் தொட்டுப் பார்த்தால் வெளியே எரிக்கிற வெயிலிலும் குளிர்ந்திருக்கும். மத்தியானப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே கோயிலை முதலில் பார்த்துவிட்டுக் கடைகளுக்குத் திரும்புங்கள். செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோனியார் கோயிலடியில் சனம் நெருக்கும். வெள்ளி மத்தியானம் தொழுகைக்காகப் பல கடைகள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் ஞாயிறிலும் பாதிக் கடை திறவாது.

வெள்ளவத்தைப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸை விட்டுக் கரையோர ரயிலில் போங்கள். கோட்டையிலிருந்து கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அடுத்தது வெள்ளவத்தை. தண்டவாளம் அலையை ஒட்டியே போகிறது. வலப்பக்க யன்னலில் இருங்கள். எக்ஸ்பிரஸ் ரயில் வெள்ளவத்தையில் நிற்காமல் போகும், ஏறுமுன் கேளுங்கள். இறங்கினால் புட்டு, இடியப்பம், தோசை என்று வயிற்றுக்குப் பழகிய சாப்பாடு. தமிழில் கதைத்தே காரியம் முடியும். நீண்ட பயணத்துக்கு முன் இதுதான் புத்தி. காலிமுகத்திடல் இறால் வடை ருசிதான், ஆனால் விமானத்தில் வயிறு குழம்பினால் ஒளிக்க இடமில்லை.

விமான நிலையத்துக்குப் போகும் பஸ் 187. அது கட்டுநாயக்க அதிவேக வீதியால் போவது. 240 பழைய நீர்கொழும்பு வீதியால் எல்லா இடமும் நின்று போவது, அவசரத்துக்கு ஆகாது. ஏறும்போது விமான நிலையம் வரை போகுமா, ஆவேரிவத்தை பஸ் நிலையத்தோடு நிற்குமா என்று கேளுங்கள். பெரிய பெட்டிக்கு ஒரு சீற் காசு கேட்பது வழமை. அதிவேக வீதியில் ஏறிவிட்டால் அரை மணித்தியாலம்தான். நேரத்தைத் தின்பது புறக்கோட்டையிலிருந்து களனிப் பாலம் தாண்டும் வரைக்கும் உள்ள நெரிசல். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு, அதுவும் மழை என்றால், அந்தத் துண்டுக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

பெட்டியை ஊரிலேயே நிறுத்துக்கொண்டு வாருங்கள், கவுண்டர் முன் தரையில் திறந்து மிளகாய்த்தூளையும் ஒடியலையும் பிரிக்கிற அவலம் வேண்டாம். அதிகம் பறிபோவது தேன் போத்தல். கைப்பையில் 100 மில்லி லீற்றருக்கு மேல் திரவம் கொண்டுபோக விடார்கள், தேனும் நல்லெண்ணெயும் அதற்குள் அடங்கும். மூடியை இறுக்கி, கழுத்தில் பொலித்தீன் சுற்றி ரேப் ஒட்டி, இன்னொரு பையில் போட்டு, பெரிய பெட்டியில் உடுப்புக்கு நடுவில் வையுங்கள். பவர் பாங்க் மட்டும் மறுபக்கம்: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். அவுஸ்திரேலியா போகிறவர்கள் உணவு எதுவானாலும் வருகை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் தண்டம். நியூசிலாந்துக்குத் தேனைக் கொண்டே போகாதீர்கள், எழுதிக் காட்டினாலும் எடுத்துவிடுவார்கள்.