சாம்பல் காட்டிக்கொடுத்த குறை

பிட்டுமினஸ் எனப்படும் மென்மையான நிலக்கரியைக் கணப்பு அடுப்பில் எரிக்கத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில், சாம்பல் தட்டில் கறுத்த துண்டுகளே மிகுதியாகக் கிடந்தன. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். வெளியே சாம்பல், உள்ளே கரி. சாம்பலை உதிர்க்க, தணலைத் தாங்கும் அடிக்கம்பிகளை அளவுக்கு மீறி ஆட்டியதால், எரிந்து முடியாத கனலும் கீழே விழுந்திருந்தது. முதல் செந்தணல் விழுந்தவுடன் ஆட்டுவதை நிறுத்தியதும் அது குறைந்தது.

புகைபோக்கியிலிருந்து கரும்புகையும் வந்தது; அதற்குக் காரணம் வேறு. புதுக்கரியைத் தணல் முழுவதும் மூடும்படி கொட்டியதால், இந்நிலக்கரி ஏராளமாக வெளிவிடும் வாயுக்கள் தீப்பற்றாமலே புகைபோக்கியில் ஏறின. இப்போது ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கத் தணலை மூடாமல் விட்டு, தணலுக்கு மேலே காற்று விடும் மேல்காற்றுத் துளையையும் சிறிது நேரம் திறந்து வைக்கிறேன்.

சாம்பல் செந்நிறமாகவும் இருந்தது; அந்நிறம் பெரும்பாலும் நிலக்கரியிலுள்ள இரும்பால் வருவது. அத்தகைய சாம்பல் எளிதில் உருகிக் கட்டியாக இறுகும் என்பதால், அடியிலுள்ள சாம்பலைத் தணலுக்குள் கிளறிவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.