ஸ்பீட் பாக் சுவிவல்: தெரிவு செய்வதும் எண்ணெயிடுவதும்

குத்துச்சண்டைப் பயிற்சிக்காக மேற்பலகையின் கீழ் தொங்கவிடும் சிறு பந்துதான் ஸ்பீட் பாக். அதில் ஒரு குத்து விட்டால் பந்து பலகையில் மூன்று முறை பட வேண்டும். முதலில் எதிர்ப்பக்கம், பிறகு நம் பக்கம், மீண்டும் எதிர்ப்பக்கம்; அது திரும்பி வருகையில்தான் அடுத்த குத்து. இந்த மூன்று சத்தமும் தாளம் தப்பிக் கேட்டால், பழகும் பிள்ளைகள் தங்கள் கையில்தான் பிழை என்று நினைத்துச் சோர்ந்துவிடுகிறார்கள். பல வேளைகளில் பிழை கையில் இருப்பதில்லை. பலகைக்கும் பந்துக்கும் நடுவே தொங்கி, பந்தை எல்லாப் பக்கமும் சுழலவிடும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய கொக்கிப் பூட்டான சுவிவலில்தான் இருக்கிறது.

வன்னியில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அரைச்சுவரும் தகரக் கூரையுமாக இருக்கும் மண்டபத்துக்குள் கச்சான் காற்று செம்மண் தூசியை அள்ளிக்கொண்டு வரும். மாரியில் ஈரம் ஏறும். முல்லைத்தீவுக் கரையோரமென்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கடையில் வழுவழுப்பாகச் சுற்றுகிறது என்பதற்காக ஒன்றை வாங்கிவிடக் கூடாது.

சுவிவல்கள் பொதுவாக மூன்று விதம். சங்கிலிக் கண்ணிகளில் தொங்குவது மலிவு. ஆனால் பந்து தாழ்ந்து தொங்கும், கண்ணிகள் ஒன்றோடொன்று உரசித் தாளத்தைக் குழப்பும். இரண்டாவது, கிண்ணம் போன்ற குழிக்குள் ஓர் உருக்குக் குண்டு அமர்ந்து, அதன் தண்டில் கொக்கி தொங்குவது. மூன்றாவது பெயரிங் வைத்தது. மிக வேகமானது, சத்தம் குறைந்தது, ஆனால் புதிதாகப் பழகுபவருக்குப் பந்து கைக்கு எட்டுவதற்குள் ஓடிவிடும். நம் தூசிக்கும் ஈரத்துக்கும் நான் இரண்டாவதையே தெரிவு செய்வேன். கழற்றுவது, கழுவுவது, மீண்டும் பூட்டுவது எல்லாவற்றையும் ஒரு ஸ்பனரோடு முடித்துக்கொள்ளலாம் என்பதே முதற்காரணம்.

வாங்கும்போது சுவிவலைப் பலகையில் பூட்டும் தட்டைக் கையில் கிடையாகப் பிடித்துக்கொண்டு, கொக்கியைத் தட்டோடு ஒட்டும் அளவுக்குச் சாய்த்து, அந்தச் சாய்வு மாறாமல் ஒரு முழு வட்டம் மெல்லச் சுற்றிப் பாருங்கள். எந்த இடத்திலாவது தண்டு கிண்ணத்தின் விளிம்பில் தட்டி நின்றால், பந்தும் அந்தப் பக்கம் பலகையை முழுமையாகத் தொடாது. மேலும் கீழும் இலேசாக ஆடுவது இயல்பு. ஆட்டும்போது டக் டக்கென்று கேட்டால் குழி பெரிதாகிவிட்டது என்று பொருள். கொக்கியின் உள்வளைவை விரலால் தடவிப் பார்க்கவும் மறக்க வேண்டாம், அங்கே கூர்மை இருந்தால் பந்தின் தோல் வளையத்தை அது நாளாந்தம் அறுக்கும்.

பலகையில் பூட்டுவதற்கு மர ஆணியை நம்பாமல், துளையிட்டு மறுபக்கம் வரை செல்லும் போல்டையும் ஸ்பிரிங் வாஷரையும் பயன்படுத்துங்கள். அதிர்வில் ஆணி கழன்றே தீரும். சங்கிலியை மாற்றிக் குண்டுச் சுவிவல் பூட்டினால் பந்து சற்று மேலேறிவிடும். அதன் அகன்ற பகுதி மீண்டும் நாடி மட்டத்துக்கு வரும்படி பலகையை இறக்கிக்கொள்ள வேண்டும்.

இனி எண்ணெய். என் முதல் சுவிவலுக்கு வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயை விட்டேன். சில நாட்கள் அது பட்டுப்போல ஓடியது. பிறகு எண்ணெய் காறிப் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொண்டது. போதாதென்று எறும்பு வரிசையும் வந்தது. சைக்கிள் திருத்தும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒயில் விடுறது பெரிய வேலையில்லை. பழசைக் கழுவி எடுக்கிறதுதான் வேலை."

அவர் செய்து காட்டியதையே இன்றும் செய்கிறேன். பந்தைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு, சுவிவலைப் பலகையிலிருந்து எடுத்து, ரின் மூடி ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பல் தூரிகையால் குண்டைச் சுழற்றிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். முதலில் கரிய சேறாக இறங்கும். மண்ணெண்ணெய் நிறம் மாறாமல் தெளிவாக வழியும்வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். அருகில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது. துணியால் துடைத்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள், உள்ளே மிஞ்சும் மண்ணெண்ணெய் புதுக் கிறீஸையும் கரைத்துவிடும்.

காய்ந்த பிறகு, பயறு ஒன்றின் அளவு வெள்ளை லித்தியம் கிறீஸைத் தீக்குச்சி முனையால் குழிக்குள் தள்ளி, கொக்கியை எல்லாப் பக்கமும் சுழற்றி, வெளியே பிதுங்குவதை முழுவதும் துடைத்துவிடுங்கள். இந்தத் துடைப்பில்தான் பலர் சோம்பல் படுகிறார்கள். வெளியே நிற்கும் கிறீஸ் செம்மண்ணோடு கலந்து சாணைக் கல்லின் வேலையைச் செய்யும். பெயரிங் சுவிவலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும்; ஆனால் இரு பக்கமும் இறப்பர் மூடியிட்ட பெயரிங்கை மண்ணெண்ணெயில் போடாதீர்கள், உள்ளே அடைத்திருக்கும் கிறீஸ் கழுவுண்டு போய்விடும்.

டபிள்யூ.டி.40 ஸ்பிரே அடித்தால் போதும் என்பார்கள். அதன் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் நீரை விலக்குவதையே குறிக்கின்றன. துரு பிடித்து இறுகியதை இளக்க அது நல்லது, நீடித்து நிற்கும் மசகு அல்ல. பென்சில் கரியைச் சீவிப் போடச் சொல்பவர்களும் உண்டு. அதில் களிமண்ணும் கலந்திருப்பதால் கிரபைட் தூளுக்கு அது ஈடாகாது. மோட்டார் சைக்கிளில் மாற்றி எடுத்த கழிவு ஒயிலில் உலோகத் துகள் மிதக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

பூட்டியவுடன் பந்தை மாட்டாமல், கொக்கியில் ஒரு துணியைச் சுற்றி ஓர் இரவு விடுங்கள். சொட்டுகிற எண்ணெய் பந்தின் கழுத்தில் ஊறி உள்ளே இருக்கும் இறப்பர்ப் பையைத் தொட்டால், அது ஊதிப் பலவீனமாகும். நாள்தோறும் பழகும் மண்டபத்தில் கச்சான் காலத்தில் மாதம் ஒருமுறையும், மாரி தொடங்க முன்னர் ஒருமுறை கட்டாயமாகவும் இதைச் செய்கிறோம். அப்போது கொக்கியின் உள்வளைவில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். நகம் சிக்கும் அளவுக்குத் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால், எத்தனை எண்ணெய் விட்டும் பயனில்லை, புதிதுதான் வாங்க வேண்டும்.