மலையில் ஓடும் பழைய கார்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

நீலகிரியில் ஒரு காரின் வயதை ஓடோமீட்டர் சொல்லாது. கோவை–சேலம் நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் 1 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை விட, குன்னூர்–ஊட்டி சாலையில் லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரிலேயே 50,000 கிலோமீட்டர் ஊர்ந்த வண்டியின் கிளட்சும் பிரேக்கும் அதிகம் தேய்ந்திருக்கும். அதனால் முதலில் பாடி, அடுத்து பிரேக், பிறகு இன்ஜின், கடைசியில் பணம் என்ற வரிசையில் பாருங்கள். பெரும்பாலானோர் இன்ஜினில்தான் ஆரம்பிக்கிறார்கள். இன்ஜினை இறக்கி வேலை பார்த்து மாட்டிவிடலாம். அரித்துப்போன பாடியை என்ன செய்வது?

முதலில் துரு

ஊட்டி, கோத்தகிரி பக்கம் பல வீடுகள் சாலைக்குக் கீழே படிக்கட்டில் இருக்கும். வண்டி இரவெல்லாம் மேலே சாலையோரம் பனியில் நிற்கும். அடித்தட்டு நாள்கணக்கில் காயாது. பாலிஷ் போட்டு மேலே பளபளவென்று இருக்கும் கார் அடியில் சல்லடையாக இருக்கலாம்.

ஒரு தட்டை ஸ்குரூ டிரைவர், டார்ச், துணியில் சுற்றிய சிறு காந்தம், இவ்வளவு போதும். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதியை ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும். அரித்த இடத்தில் 'சொத்' என்று சத்தம் அமுங்கும். அங்கே முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகடு போய்விட்டது. ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரித் தட்டின் அடி, ஸ்டெப்னி கிடக்கும் குழி, சக்கர வளைவின் உள்விளிம்பு ஆகியவற்றையும் இப்படியே பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிளாஸ்டிக் பம்பரில் வைத்துப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

பிறகு பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். கற்பூர மரத்து இலையும் சில்வர் ஓக் சருகும் அங்கே மக்கி, தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடும். தேங்கும் தண்ணீர் உள்ளே இறங்கி இடப்பக்கக் கார்ப்பெட்டை நனைக்கும். கார்ப்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். ஈரம் வெறும் தண்ணீராக இருந்தால் துளையைக் குத்திவிட்டாலே சரியாகும். வழவழப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால், காருக்குள் சூடு தருவதற்காகக் கூலண்ட் ஓடும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. பல மாடல்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிய வேலை அது.

மிதிக்கும் தரையில் ஓட்டை இருந்தால் துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து ஓட்டலாம். ஆனால் முன் ஷாக் அப்சார்பரின் தலை பாடியில் உட்காரும் இடம், பின் ஆக்சிலைத் தாங்கும் இடம், கதவுக்கு அடியிலுள்ள பெட்டிப் பகுதி, இந்த மூன்றில் எது அரித்திருந்தாலும் மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டியின் மொத்த எடையும் ஒரு பக்கம் சாயும்போது அதைத் தாங்குவது இந்த இடங்கள்தான். இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் காரின் ஆயுள் முடிந்தது. மீதியைப் படிக்கவே தேவையில்லை, நேராக 'மாற்றுவதென்றால்' என்ற பகுதிக்குப் போய்விடலாம்.

பிரேக், கிளட்ச்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 140 டிகிரிதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் வழியிலுள்ள பர்லியார் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டை எட்டுவது கஷ்டமில்லை. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு போல் உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுவது சின்னச் செலவு. அதைச் செய்யாமலேயே 'இந்த வண்டிக்கு பிரேக் போதவில்லை' என்று காரை மாற்றுபவர்கள் உண்டு.

பெடலில் கால் தரும் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் சர்வோவைச் சோதிக்க, இன்ஜினை அணைத்து பெடலை ஐந்து முறை மிதியுங்கள். ஆறாவது முறை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் சர்வோவிலோ வேக்குவம் குழாயிலோ கோளாறு. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் சர்வோவின் உதவி ஏற்கெனவே குறைவாகத்தான் கிடைக்கும். கோளாறும் சேர்ந்தால் கால் முழு பலத்தில் அழுத்த வேண்டிவரும்.

கிளட்சுக்கு, சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியர் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து கிளட்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் நல்லது. அணையாமல் உறுமிக்கொண்டிருந்தால் பிளேட் வழுக்குகிறது. மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலி இரண்டு முறை ஆகாது. கிளட்ச் தேய்ந்தது காரை விற்கக் காரணமே அல்ல.

இன்ஜின்: மலையில் ஏமாற்றும் அறிகுறிகள்

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் போல ஒட்டியிருக்கும். 'ஹெட் கேஸ்கட் போச்சு' என்று உடனே சொல்லிவிடுவார்கள்; கூலண்ட் ஆயிலோடு கலக்காமல் இன்ஜின் தலைக்கு அடியில் அடைத்து நிற்கும் தகடு அது. குளிரில் ஊட்டி சேரிங் கிராஸுக்கும் வீட்டுக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை; உள்ளே வியர்த்த ஈரம் ஆயிலோடு கலந்து அப்படி ஆகும். துடைத்துவிட்டு, குன்னூர் வரை போய்த் திரும்பி வந்து பாருங்கள். டிப் ஸ்டிக்கிலும் அதே வெண்மை இருந்து, கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால்தான் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்டும் அப்படித்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் 180 பிஎஸ்ஐ காட்டும் இன்ஜின் இங்கே 140ஐ ஒட்டித்தான் காட்டும். மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு 'போர் போட வேண்டும்' (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்) என்றால் தலையாட்டாதீர்கள். சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மூன்று 140 காட்ட, ஒன்று மட்டும் 110 என்றால் அதில்தான் குறை. டர்போ இல்லாத பெட்ரோல் கார் இந்த உயரத்தில் தன் சக்தியில் ஏறக்குறைய கால்பங்கை இழக்கும் என்பதால், ஏற்றத்தில் இழுவை குறைவதை மட்டும் வைத்து இன்ஜின் தளர்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

ஆயில் குறைவது, நீலப்புகை இரண்டும் சேர்ந்து வந்தால் பெரிய செலவு. அப்போது கணக்குப் போட வேண்டும்.

கணக்கு

மெக்கானிக்கிடம் 'இப்போதைக்கு' என்ன வேலை என்று கேட்காதீர்கள். அடுத்த இரண்டு வருடத்துக்குத் தொந்தரவில்லாமல் ஓட என்னென்ன மாற்ற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸ் அதில் சேர வேண்டும். ஆர்.சி. 15 வருடத்தை நெருங்கினால், புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாயும் பசுமை வரியும் உண்டு. புதுப்பித்தால் 5 வருடம் செல்லும்.

ஒரு கணக்குக்கு, பட்டியல் 60,000 ரூபாய் வந்தால் இரண்டு வருடத்துக்கு மாதம் 2,500. ஐந்து லட்சத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் எடுத்து, 4 லட்சத்தை 13 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக வாங்கினால் தவணை மட்டும் மாதம் சுமார் 9,100. பாடி திடமாக இருக்கும் பழைய கார் இந்தக் கணக்கில் அநேகமாக ஜெயிக்கும். 'காரின் மதிப்பே ஒன்றரை லட்சம், அதற்கு 60,000 செலவா' என்பார்கள். விற்கப் போகாத காரின் சந்தை விலையை வைத்து என்ன செய்வது? அதே பட்டியல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் கதை வேறு.

பணத்துக்கு அப்பால் ஒன்று: ஏபிஎஸ். மழையில் சருகு படிந்த வளைவில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். தினமும் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுபவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதற்காகவே மாற்றலாம்.

மாற்றுவதென்றால்

2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். முன்னால் இரண்டு ஏர்பேக் எல்லா கார்களுக்கும் கட்டாயமானது 2022 ஜனவரியிலிருந்து. பழைய காரை விட்டு 2016 மாடலுக்குப் போவதில் பெரிய லாபமில்லை.

டவுனுக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் கார்களைத் தவிருங்கள். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, சூடான இன்ஜின் தொடர்ந்து கொஞ்ச நேரம் வேகமாக ஓட வேண்டும். ஊட்டியின் குளிரில் குட்டி ஓட்டம் மட்டுமே ஓடினால் அது அடைத்துக்கொண்டே இருக்கும். கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி கியர் வண்டி என்றால் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். ஏற்றத்தில் பிரேக்கைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும் ஹில் ஹோல்ட் இல்லாதது பின்னால் உருளும். ஆக்சிலரேட்டரை மிதித்தே ஏற்றத்தில் நிறுத்திவைக்கும் பழக்கம் கிளட்சைக் கருக்கிவிடும்.

கூடலூர் பக்கம் கேரள, கர்நாடக வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். என்ஓசி (தடையின்மைச் சான்று) வாங்கி 12 மாதத்துக்குள் இங்கே பதிவை மாற்றி, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். மே 2024 முதல் வெளி வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் கேட்கிறார்கள். நீலகிரியில் பதிவான டிஎன் 43 எண்ணுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஒரே விலையில் இரண்டு வண்டி இருந்தால் டிஎன் 43ஐ எடுங்கள்.

ஓட்டிப் பார்க்க காலையில் போங்கள், இன்ஜின் குளிர்ந்தே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.